வாசகர் கேள்வி: 1000 வாட்ஸ் ஆம்ப் வாங்கினால்தான் பேஸ் கேட்குமா?

கொங்குப் பகுதியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. மாதம் ஆறேழு கச்சேரி. பாதி, கோயில் திருவிழாவும் பெரிய வரவேற்பும். அங்கே சவுண்ட் சர்வீஸ்காரர்கள் சப் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), டாப் (மற்ற ஒலிக்கானது), மானிட்டர் (மேடையில் இருப்பவர்களுக்கானது) எல்லாம் இறக்கிவிடுவார்கள். மீதிப் பாதி, ஹோட்டல் புல்வெளி, சிறிய மண்டபம், வீட்டு விசேஷம். 80 முதல் 150 பேர் வரை இருப்பார்கள். அங்கே குழுவின் சொந்தச் சொத்தான இரண்டு 12 அங்குல பவர்டு (உள்ளேயே ஆம்ப் உள்ள) ஸ்பீக்கர்தான். அதில் குரலும் கீபோர்டும் மட்டும் போகும், டிரம்ஸுக்கு மைக் கிடையாது.

அவரிடம் இருப்பது ஐந்து தந்தி பேஸும் 30 வாட்ஸ் பயிற்சி ஆம்பும். போன மாதம் ஒரு மண்டபத்தில் ஆம்பின் ஸ்பீக்கர் கோன் கிழிந்துவிட்டது. கையில் 75 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. "1000 வாட்ஸ் ஹெட் வாங்கு, நாலு பத்து அங்குலப் பெட்டி ஒண்ணு, பதினஞ்சு அங்குலப் பெட்டி ஒண்ணு. அப்புறம் எந்த மேடைக்கும் பயமில்ல" என்கிறார் நண்பர். (ஹெட் என்பது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப், பெட்டி என்பது ஸ்பீக்கர் மட்டும்.) 4 ஓம்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) 4×10 பெட்டி ஒன்று பழையதாக மலிவு விலைக்கு வருகிறது. நண்பரிடம் இருக்கும் 15 அங்குலப் பெட்டியும் 4 ஓம்ஸ். எந்தப் பெரிய மேடையிலும் சவுண்ட்காரர் "ஆம்பைக் குறைங்க" என்றே சொல்வதில் வாசகருக்கு வருத்தம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது, இரைச்சல் போவதற்காக ஆம்ப் வயரின் எர்த் பின்னை எலக்ட்ரீஷியன் வெட்டிவிட்டார்.

அன்புள்ள வாசகருக்கு,

கடைசி வரிக்கு முதலில் பதில்

வாட்ஸ், ஓம்ஸ் எல்லாம் பிறகு பார்க்கலாம். அந்த வயரை இன்றே மாற்றுங்கள். அதுவரை அந்த ஆம்பில் வாசித்துக்கொண்டே மைக் முன்னால் நிற்காதீர்கள்.

உங்கள் பேஸின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக, ஜாக் வழியாக, கேபிளின் ஷீல்டு வழியாக ஆம்பின் உலோக உடலோடு இணைந்திருக்கின்றன. அந்த உடலை பூமியோடு இணைப்பது எர்த் பின். அதை வெட்டிவிட்டால் ஆம்பின் உடல் அந்தரத்தில் நிற்கும், உள்ளிருக்கும் கசிவு மின்சாரம் அதில் ஏறும். மைக்கின் கம்பி வலையோ மிக்சர் வழியாக வேறொரு எர்த்தில் இருக்கிறது. கை தந்தியில், உதடு மைக்கில் என்று நீங்கள் நிற்கும்போது இரண்டுக்கும் நடுவே பாலமாவது உங்கள் உடம்பு. இப்போதைக்குச் சுருக்கென்ற கசிவோடு நிற்கிறது. நாளை ஆம்புக்குள் ஒரு இன்சுலேஷன் போனால் 230 வோல்ட்டும் அதே வழியில் வரும்.

இரைச்சலுக்கு மருந்து வேறு. ஆம்புக்கும் மிக்சருக்கும் மின்சாரத்தை முடிந்தவரை ஒரே போர்டிலிருந்து எடுங்கள். அப்படியும் உறுமினால் டி.ஐ. பெட்டியிலோ (பேஸின் சிக்னலை நேராக மிக்சருக்கு அனுப்பும் பெட்டி) ஆம்பின் டி.ஐ. வெளியீட்டிலோ உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் கேபிளின் ஷீல்டை மட்டும்தான் துண்டிக்கும், மின் எர்த்தைத் தொடாது.

ஒரு மல்டிமீட்டரை கிட்டார் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேடை ஏறியதும், எதையும் செருகுவதற்கு முன் பிளக் பாயின்டை அளந்துவிடுங்கள். ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் முனை) நியூட்ரலுக்கும் நடுவே 220 முதல் 240 வரை, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட். இப்படி வந்தால் சரி. ஜெனரேட்டரில் 260-ஐத் தாண்டினால் செருகாதீர்கள், ஆபரேட்டரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். எல்லாம் ஆன் ஆன பிறகு தந்திக்கும் மைக் வலைக்கும் நடுவே ஏ.சி. வோல்ட்டை அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காரணம் தெரியும்வரை பாடாதீர்கள். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போடுவது அவசரத்துக்குக் கைகொடுக்கும், தீர்வாகாது. "எர்த் இல்லாத மேடையில் வாசிக்க மாட்டேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. முன்பணம் வாங்கும்போதே இதைப் பேசிவிட்டால் மேடையில் சங்கடம் இருக்காது.

வாட்ஸ் என்பது சத்தம் அல்ல

நண்பர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். அவர் மனதில் இருக்கும் படம் ஒரு பழைய காலத்துக்குரியது. ஆம்பெக் நிறுவனம் 1969-இல் 300 வாட்ஸ் எஸ்.வி.டி. ஹெட்டையும், எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டியையும் கொண்டுவந்தது. அன்றைய பி.ஏ. (கூட்டத்துக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஸ்பீக்கர் அமைப்பு) குரலைத் தூக்கவே திணறியது. பேஸை அரங்கின் கடைசி வரிசைவரை கொண்டுபோகும் வேலை மேடையில் இருந்த ஆம்பின் தலையில்தான் விழுந்தது. இன்று சப் ஸ்பீக்கர்கள் வரிசையாக நிற்கும் மேடையில் அந்த வேலை உங்களுடையது அல்ல.

இனி கணக்கு. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். கவனித்துக் கேட்டால் தெரியும் வித்தியாசம், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்கானதுபோல் காதுக்குத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஆகவே 500-லிருந்து 1000-க்குப் போவதில் நீங்கள் எதிர்பார்க்கும் பெரிய மாற்றம் வராது. அதைவிட முக்கியம் பெட்டியின் சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 97 டெசிபல் தரும் பெட்டிக்கு 300 வாட்ஸ் கொடுப்பதும், 100 டெசிபல் தரும் பெட்டிக்கு 150 வாட்ஸ் கொடுப்பதும் ஒன்றே. கடையில் எல்லோரும் வாட்ஸ் கேட்கிறார்கள், இந்த எண்ணைக் கேட்பவர் குறைவு. நீங்கள் கேளுங்கள். வாட்ஸ் சொல்லும்போதும் 'பீக்' (ஒரு கணம் எட்டும் உச்சம்) எவ்வளவு என்று பார்க்காமல் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடியது) எவ்வளவு, எத்தனை ஓம்ஸில் என்று கேளுங்கள்.

உங்கள் ஸ்பீக்கர் ஏன் கிழிந்தது என்பதும் இங்கேதான் வருகிறது. கேட்கவில்லை என்றதும் பேஸ் குமிழை முழுக்கத் திருப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் செய்வது அதுதான். 12 டெசிபல் ஏற்றினால் அந்தத் தாழ்ந்த சுரங்களுக்கு மட்டும் ஆம்ப் ஏறக்குறைய 16 மடங்கு வாட்ஸ் கொடுக்க வேண்டும். 30 வாட்ஸில் அதற்கு இடமேது? சின்ன பத்து அங்குலக் கோன் தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். முதலில் பொர்ரென்ற சத்தம் வரும், பிறகு கிழியும். அந்தப் பொர்ர் சத்தம் கேட்டால் வால்யூமைக் குறைப்பதற்கு முன் பேஸ் குமிழைக் குறைக்க வேண்டும்.

ஐந்தாவது தந்திக்கு 15 அங்குலம் கட்டாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். தாழ்ந்த 'பி' தந்தியின் அடிப்படை அதிர்வு 31 ஹெர்ட்ஸ், 'ஈ' தந்தியுடையது 41. மேடைக்குத் தூக்கிவரக்கூடிய பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த ஆழத்தில் தளர்ந்துவிடும், 15 அங்குலமும் விதிவிலக்கல்ல. காது அந்த சுரத்தை 62, 93 ஹெர்ட்ஸ் போன்ற மேல் அதிர்வுகளை வைத்தே அடையாளம் காண்கிறது. ஸ்பீக்கரின் விட்டத்தை மட்டும் வைத்து ஆழத்தைத் தீர்மானிக்க முடியாது. பெட்டியின் கன அளவும், போர்ட் (பெட்டியின் காற்றுத் துளை) எந்த அதிர்வுக்கு டியூன் செய்யப்பட்டிருக்கிறது என்பதும், கோன் எவ்வளவு தூரம் நகரும் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. சிறிய பெட்டி, ஆழமான ஒலி, அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். மூன்றும் உண்டு என்று எந்த விளம்பரம் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பி.ஏ. இல்லாத மேடை: உங்கள் பணம் இங்கே போகட்டும்

உங்கள் இரண்டு வகை மேடைகளில் ஆம்ப் உண்மையிலேயே உழைக்கப்போவது இங்கேதான். மைக் இல்லாத டிரம்ஸோடு 150 பேர் கொண்ட மண்டபத்தில் நிற்க 4 ஓம்ஸில் 500 வாட்ஸ் தரும் ஹெட்டும், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கருக்கு நிகரான பெட்டியும் போதும். திறந்தவெளி வேறு கதை. சுவரும் கூரையும் இல்லாததால் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் போய்விடும். ஒரு மீட்டரில் இருக்கும் சத்தம் 16 மீட்டரில் 24 டெசிபல் குறைந்திருக்கும். ஹோட்டல் புல்வெளியில் பேஸ் காணாமல் போவது உங்கள் கைக்குறை அல்ல. அங்கே பின்பக்கம் சுவரிருக்கும் மூலையாகப் பார்த்து மேடை போடச் சொல்லுங்கள்.

குழுவின் 12 அங்குல பவர்டு ஸ்பீக்கரில் பேஸையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். முழுதாக அனுப்பாதீர்கள். ஒவ்வொரு தாழ்ந்த சுரத்துக்கும் உள்ளிருக்கும் லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் சுற்று) அழுத்தும், கூடவே பாடகரின் குரலும் அமுங்கி எழும். பாடகர் காரணம் தெரியாமல் கத்திப் பாடி தொண்டையைக் கெடுத்துக்கொள்வார். தேவையென்றால் மிக்சரில் பேஸ் சேனலுக்கு 100 ஹெர்ட்ஸில் லோ கட் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) போட்டு, கொஞ்சமாக அனுப்புங்கள். தெளிவு பி.ஏ. வழியாகத் தூரம் போகும், கனம் ஆம்பிலிருந்து வரும்.

பெட்டியை வைக்கும் இடம் பல நூறு வாட்ஸுக்குச் சமம். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 85 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியை அழித்துவிடும். பேஸின் உயிர் இருக்கும் இடம் அது. ஆகவே சுவரை ஒட்டியே வையுங்கள். மண்டபம் ஏற்கெனவே குமுறுகிறது என்றால் 100 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறையுங்கள். பலகை மேடையில் தரையே பறைபோல் அதிரும். பெட்டிக்கு அடியில் தடித்த ஃபோம் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றிவைக்கும் பழக்கம் நம் மேடைகளில் உண்டு. காதுக்கு நேராக வருவதால் பயன் உண்டுதான், ஆனால் அதிர்வில் நகர்ந்து விழும். பட்டையால் கட்டாமல் வைக்க வேண்டாம்.

குமிழ்களை எல்லாம் நடுவில் வைத்து ஆரம்பியுங்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது நடுப்பகுதியைக் குறைத்து, பேஸையும் டிரெபிளையும் ஏற்றினால் இனிமையாக இருக்கும். அதே அமைப்பு குழுவோடு சேர்ந்ததும் மறைந்துவிடும், ஏனென்றால் கீழே கிக் டிரம்மும் மேலே சிம்பலும் அந்த இடங்களை எடுத்துக்கொள்கின்றன. உங்களைக் கேட்கவைப்பது 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதி. வால்யூமைத் தொடும் முன் அதை ஏற்றிப் பாருங்கள். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் ஹெட்டிலேயே இருந்தாலோ தனி பெடலாகக் கிடைத்தாலோ விடாதீர்கள். கேட்காத அதிர்வுகளுக்காகக் கோன் வீணாக ஆடுவது நிற்கும், உங்கள் 'பி' தந்தியே இன்னும் சுத்தமாகக் கேட்கும்.

பி.ஏ. உள்ள மேடை: சவுண்ட்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது

பெரிய மேடையில் ஆம்ப் உங்களுக்கும் டிரம்ஸ் கலைஞருக்கும் மட்டும் கேட்டால் போதும். கூட்டத்துக்குப் பேஸைக் கொண்டுபோவது சப். நீங்கள் ஆம்பை ஏற்றினால் தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் பரவி, மேடையிலுள்ள அத்தனை மைக்கிலும் நுழையும். சவுண்ட்காரர் பி.ஏ.வில் உங்களைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. முடிவில் முன்வரிசைக்குக் குமுறல், பின்வரிசைக்கு வெறுமை. வருத்தப்படாமல் அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

பெட்டியைப் பின்னால் சாய்த்து உங்கள் காதை நோக்கித் திருப்புங்கள். பலருக்கும் ஆம்ப் முழங்காலுக்கு வாசிக்கிறது, அதனால்தான் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். டி.ஐ. வெளியீட்டை 'பிரீ'யில், அதாவது ஆம்பின் குமிழ்களுக்கு முன்பே சிக்னலை எடுக்கும் நிலையில், வையுங்கள். அப்போது மேடையில் நீங்கள் ஆம்பின் தாழ்ந்த ஒலியைக் குறைத்தாலும் பி.ஏ.வுக்குப் போகும் ஒலி மாறாது. 'போஸ்ட்'டில் இருந்தால் நீங்கள் ஒவ்வொரு முறை குமிழைத் திருப்பும்போதும் அவருடைய கலவை குலையும். சில ஹெட்களின் டி.ஐ. மிக வலுவாக இருந்து மிக்சரில் சிவப்பு விளக்கு எரியும். சிக்னலைக் குறைக்கும் 'பேட்' சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அவர் தன் டி.ஐ. பெட்டியைத்தான் போடுவேன் என்றால் மறுக்காதீர்கள். ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: ஆம்பின் ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்து மிக்சருக்கு வயர் இழுக்க யாரையும் விடாதீர்கள். கிளாஸ்-டி (எடை குறைந்த நவீன வகை) ஹெட் பலவற்றில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் சிக்னல் இருக்கும். ஒரு முனை எர்த்தைத் தொட்டால் ஹெட் போய்விடும்.

மானிட்டர் நன்றாக இருக்கும் மேடைக்கு டி.ஐ. வசதியுள்ள ஒரு பிரீஆம்ப் பெடலே போதும். ஆம்ப் பழுதானால் கச்சேரியைக் காப்பாற்றப்போவதும் அதுதான். உங்கள் பேஸ் ஆக்டிவ் (பேட்டரியில் இயங்கும் வகை) என்றால் கூடுதலாக ஒரு 9 வோல்ட் பேட்டரியும் பையில் இருக்கட்டும். ஜாக்கைச் செருகியே வைத்திருந்தால் வாசிக்காவிட்டாலும் பேட்டரி தீரும்.

அந்த இரண்டு 4 ஓம்ஸ் பெட்டிகள்

வேண்டாம். இரண்டு 8 ஓம்ஸ் பெட்டியை ஒரு ஹெட்டில் இணைத்தால் 4 ஓம்ஸ். இரண்டு 4 ஓம்ஸை இணைத்தால் 2 ஓம்ஸ். பெரும்பாலான ஹெட்களின் குறைந்தபட்ச அளவு 4. அதற்குக் கீழே போனால் நல்ல ஹெட் பாட்டின் நடுவே பாதுகாப்புக்காக நின்றுபோகும், மற்றது கருகும். ஒருவேளை இரண்டும் 8 ஓம்ஸாக இருந்தாலும் 4×10-ஐயும் 1×15-ஐயும் கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு பெட்டிக்கும் சமமாக வாட்ஸ் பிரியும். அப்போது ஒரு பத்து அங்குல ஸ்பீக்கருக்கு மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு, ஒற்றை 15 அங்குலத்துக்குப் பாதி. கனம் தாங்கட்டும் என்று வாங்கியதே முதலில் திணறும்.

75 ஆயிரத்தை எப்படிச் செலவிடலாம்

4 ஓம்ஸில் 500 வாட்ஸ் தரும், டி.ஐ., பிரீ–போஸ்ட், கிரவுண்ட் லிஃப்ட் உள்ள கிளாஸ்-டி ஹெட் ஒன்று. நியோடிமியம் காந்தமுள்ள 8 ஓம்ஸ் 1×12 பெட்டி ஒன்று. பணத்தில் பாதிக்குக் குறையாமல் பெட்டிக்கே ஒதுக்குங்கள். ஒற்றைப் பெட்டியில் ஹெட் ஏறக்குறைய 300 வாட்ஸ்தான் தரும். அது 500-ஐவிட 2 டெசிபல் குறைவு, பெரிய மேடைக்கும் சிறிய விசேஷத்துக்கும் தாராளம். அடுத்த சீசன் வருமானத்தில் அதே மாடல் பெட்டி இன்னொன்று வாங்கி முதலாவதின் மேல் நிறுத்துங்கள். பக்கத்தில் வைத்தால் நடுப்பகுதி ஒலி இடத்துக்கு இடம் மாறிக் கேட்கும். இரண்டாவது பெட்டி தாழ்ந்த ஒலியில் ஏறக்குறைய 5 டெசிபல் கூட்டும். ஒற்றைப் பெட்டியோடு 1000 வாட்ஸுக்குப் போயிருந்தாலும் கிடைப்பது இவ்வளவுதான். இங்கே எந்த ஸ்பீக்கரும் சூடாகித் தவிக்காது. இவற்றை ஒவ்வொரு கையிலும் ஒன்றாகத் தூக்கலாம். நண்பர் சொல்லும் 4×10-ஐ இரண்டாவது மாடி மண்டபத்துக்கு ஏற்ற ஆள் தேட வேண்டும்.

இரண்டாவது பெட்டி வரும்வரை, மைக் இல்லாத டிரம்ஸோடு 150 பேர் மண்டபம் என்றால் ஒற்றைப் பெட்டி கொஞ்சம் முக்கும். அன்று மட்டும் ஒரு பெட்டியை வாடகைக்கு எடுப்பது நல்லது. அது 8 ஓம்ஸா என்று பின்பக்கத் தகட்டில் பார்த்துவிட்டு இணையுங்கள்.

ஸ்பீக்கர் வயருக்குப் பணம் ஒதுக்க மறக்காதீர்கள். கிட்டார் கேபிளை ஹெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே போடக்கூடாது. அதன் மையக் கம்பி மெல்லியது; சூடேறி உருகி ஷார்ட் ஆகலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டைக் கம்பியும் ஸ்பீக்கான் கனெக்டரும் உள்ளதாக வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஹெட் என்றால் பின்னால் 230 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா, 115-லிருந்து 230-க்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பெட்டி பார்க்கப் போனால் மல்டிமீட்டரையும் உங்கள் சொந்த பேஸையும் கொண்டுபோங்கள். 8 ஓம்ஸ் பெட்டி மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம்ஸ் பெட்டி 3 முதல் 3.5 வரை. எதுவுமே காட்டாவிட்டால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) போயிருக்கிறது. முன் வலையைக் கழற்றி, கோனை இரு பக்கமும் விரல்களால் சமமாக மெல்ல அமுக்குங்கள். கரகரவென்று உரசினால் காயில் கோணிவிட்டது. பிறகு கச்சேரி அளவு சத்தத்தில் 'பி' தந்தியிலிருந்து ஒவ்வொரு சுரமாக மேலே ஏறிப் பத்து நிமிடம் வாசியுங்கள். ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் படபடத்தால் பெரும்பாலும் தளர்ந்த ஸ்குரூவோ கைப்பிடியோதான். அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம். எல்லாத் தாழ்ந்த சுரத்திலும் பொர்ரென்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.